மாமா சமைத்த பாஸ்தா

செப்டம்பர் 3

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "குத்துக்கல் மாதிரி இருக்கேன்" என்றுதான் எழுதுவீர்கள். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்த அன்றும் அதையேதான் சொன்னீர்கள், உதடு நீலம் பாரித்துக் கிடந்தபோது.

சுரங்க முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். வாரம் ஒரு லாரி மேலே வருகிறது. கடிதம் அதில்தான் வரும், அதில்தான் போகும். இங்கே போன் கிடையாது. உங்களிடமும் கிடையாது. ஆகவே ஒழுங்காகப் பதில் போடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் இதயம் தேய்ந்துபோன ஒரு பம்ப். உப்பு கூடினால் உடம்பில் தண்ணீர் தேங்கும், தேங்கிய தண்ணீரை அந்தப் பம்பால் தள்ள முடியாது. இதில் வாதாட ஒன்றுமில்லை. பாக்கெட் சூப், ரொட்டிக்கடை, டப்பா பீன்ஸ் எல்லாம் இன்றோடு சரி. நாலாவது மாடியில் அறை இருக்கிறது, அறையில் அடுப்பு இருக்கிறது. நீங்களே சமைக்க வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்தது முட்டை வேகவைப்பது. அதற்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட இது. ஒரு கைப்பிடி பாஸ்தாவைக் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். பாக்கெட்டின் பின்னால் "தண்ணீரில் உப்புச் சேர்க்கவும்" என்று அச்சடித்திருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டேன். வேறு சட்டியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய், நசுக்கிய பூண்டு. பூண்டு கருகினால் கசக்கும். நிறம் மாறும்போதே ஒரு தக்காளியை நறுக்கிப் போட்டுவிடுங்கள். பாஸ்தா வெந்த தண்ணீரில் கால் டம்ளர் எடுத்துச் சட்டியில் ஊற்றினால் சாறு கெட்டியாகி ஒட்டும். இறக்கிய பிறகு மிளகு, எலுமிச்சை. உப்பில்லாத குறையைப் புளிப்பு மறைத்துவிடும்.

மறைக்கவில்லையென்றால், பார்சலில் ஒரு டப்பா இருக்கிறது. சோடியம் குறைந்த உப்பு. லேபிளை முழுக்கப் படித்துத்தான் வாங்கினேன். தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிவிட்டு ஏறுங்கள். என்னென்ன மாத்திரை என்று அட்டையைப் பார்த்து எழுதுங்கள். அம்மா போன பிறகு எனக்குக் கடிதம் போட இருப்பது ஒரே விலாசம். அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மருமகன்

*

செப்டம்பர் 18

என் அருமை மருமகனுக்கு, சாவிக்கடை மாமன் எழுதுவது.

குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். நீ அங்கே பொந்துக்குள் விஷவாயு வருகிறதா என்று மோந்து பார்க்கிற உத்தியோகத்தில் சௌக்கியமா?

பார்சல் வந்தது. நீ எழுதியபடியே செய்தேன். பூண்டு நிறம் மாறும்போதே தக்காளியைப் போட்டேன், கால் டம்ளர் தண்ணீரை ஊற்றினேன், சாறு கெட்டியாகி ஒட்டியது. மணம் தாங்காமல் பக்கத்து மருந்துக்கடை அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, சாவிக்காரரே, ஓட்டல் தொறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். உன் உப்பு நிஜமாகவே கரிக்கிறது. டப்பாவில் பாதி காலி. இன்னொன்று அனுப்பு.

மாத்திரைப் பெயர்களை அட்டையைப் பார்த்துத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஒன்றுகூட வாயில் நுழையவில்லை. சின்ன மஞ்சள் மாத்திரை ஒன்று உடம்பில் இருக்கிற தண்ணீரையெல்லாம் வெளியே அனுப்புகிறது. அதைப் போட்டுக்கொண்டால் சாவிக்கு அரம் போடுவது பாதியில் நிற்கும், வாடிக்கையாளர் காத்திருப்பார்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. கேட்டவர்களுக்கு நான் கேட்டதாகச் சொல்.

உன் மாமன்

*

அக்டோபர் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். திருப்தி. சொன்னதைச் சொன்னபடி ஒருவர் செய்து நான் பார்த்ததே இல்லை. இங்கே எனக்குக் கீழே வேலை பார்க்கிறவனிடம் வாயுமானியை வாரம் ஒருமுறை சோதித்து வை என்று எத்தனை தடவை சொன்னாலும் மறந்துவிடுகிறான். அலாரம் அடிக்காத கருவியை நான் நம்புவதில்லை. வாயு இல்லாததால் அடிக்கவில்லையா, கருவி செத்துப்போனதால் அடிக்கவில்லையா என்று எப்படித் தெரியும்?

இரண்டாவது டப்பா தனிப் பார்சலில் பின்னால் வரும். மூன்று விஷயம் எழுதுங்கள்: கால் வீங்குகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, மறுபரிசோதனைக்குப் போனீர்களா. கதை வேண்டாம்.

உங்கள் மருமகன்

*

அக்டோபர் 14

அருமை மருமகனுக்கு,

சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுது.

கதை வேண்டாம் என்கிறாய். சாவிக்கடைக்கு வருகிற ஆள் ஒவ்வொருவரும் ஒரு கதையோடுதானே வருகிறார்கள். நேற்று ஒருத்தர் பெண்டாட்டி பூட்டிவிட்டுப் போன அலமாரிக்குச் சாவி கேட்டார். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். "அவ வர்றதா இருந்தா சாவியே வேணாமே" என்றார்.

இப்போதெல்லாம் ராத்திரி கடையிலேயே தங்கிவிடுகிறேன். இரண்டு கடை தள்ளிப் பூட்டை உடைத்துவிட்டார்கள். பூட்டுக்காரன் கடையையே உடைத்தால் தொழிலில் மானம் மிஞ்சுமா? நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்குகிறேன், காற்று நன்றாக வருகிறது. குளிர் ஆரம்பித்துவிட்டது. மருந்துக்கடை அம்மா தன் வீட்டுக்காரரின் பழைய கோட்டைக் கொடுத்தாள். கை நீளம். மடித்துவிட்டுக்கொள்கிறேன்.

பாஸ்தா தினமும் நடக்கிறது. மற்றபடி எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

உன் மாமன்

*

அக்டோபர் 27

மாமா,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதீர்கள். உட்காருங்கள்.

நான் அனுப்பிய உப்பைத் தொடாதீர்கள். இரண்டு டப்பாவையும் சாக்கடையில் கொட்டுங்கள். யாருக்கும் கொடுக்காதீர்கள்.

முகாமுக்கு மாதம் ஒருமுறை டாக்டர் வந்து இரண்டு வாரம் தங்குவார். இன்று வந்தார். என் மாமாவுக்கு இப்படியொரு உப்பு வாங்கி அனுப்பியிருக்கிறேன் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். நான் பாராட்டை எதிர்பார்த்தேன். அவர், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். உங்கள் கடிதத்தை எடுத்துக்காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சோடியத்தை எடுத்துட்டு அந்த எடத்துல என்ன போட்டிருக்கான்னு பாத்தியா?"

பார்த்திருந்தேன். பொட்டாசியம். லேபிளில் எழுதியிருந்தது. எனக்குச் சோடியம்தான் எதிரி, ஆகவே மற்றதைப் பற்றி யோசிக்கவில்லை.

"அந்த மஞ்சள் மாத்திரை பொட்டாசியத்தை ஒடம்பவிட்டுப் போக விடாது. நீ மேல மேல கொட்டுற. ஒரு அளவு தாண்டினா இதயம் சொல்லாம கொள்ளாம நின்னுடும்."

முன்கூட்டியே என்ன அடையாளம் தெரியும் என்று கேட்டேன். கை கால் சோர்வு இருக்கலாம் என்றார். பெரும்பாலும் ஒன்றும் தெரியாது என்றும் சொன்னார்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். லாரி கிளம்புகிறது.

மருமகன்

*

அக்டோபர் 29

அருமை மருமகனுக்கு,

சௌக்கியம். இரண்டாவது டப்பா இன்று வந்தது. உன்னிடமிருந்து வேறு கடிதம் எதுவும் இல்லை. வேலை அதிகமோ?

முதல் டப்பாவை வழித்துத் துடைத்துவிட்டேன். இப்போது ஒரு ஸ்பூனுக்கு இரண்டு ஸ்பூனாகப் போடுகிறேன். நீ தாராளமாகப் போடலாம் என்றாயே, மாமன் தாராளத்துக்குப் பெயர்போனவன். கொஞ்சம் அசதியாக இருக்கிறது, வேறொன்றுமில்லை. வயசு. சாவிக்கு அரம் போடும்போது கை தளர்ந்துவிடுகிறது. ஒரு சாவி கெட்டுப்போய், காசு வாங்காமல் வேறு வெட்டிக் கொடுத்தேன்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

உன் மாமன்

*

நவம்பர் 9

மாமா,

உங்கள் அக்டோபர் 29 கடிதம் வந்தது. இரண்டு ஸ்பூன். அசதி. கை தளர்வு.

அதைக் கொண்டுவந்த லாரியோடு பாதை மூடிவிட்டது. கணவாயில் பனி. என் முந்தின கடிதம் உங்களிடம் வந்து சேர்ந்ததா, வழியில் ஏதாவது ஊரில் பையோடு கிடக்கிறதா என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. இந்தக் கடிதமும் எப்போது போகுமோ தெரியாது. எழுதாமல் இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

வயர்லெஸ் அறைக்குப் போனேன். அது தலைமை அலுவலகத்தோடு பேச மட்டும்தான், அதுவும் விபத்துக்கு. அங்கிருந்து யாராவது ஒருவர் சாவிக்கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று கெஞ்சினேன். ஆபரேட்டர், யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டான். இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

"ஒண்ணும் ஆகலையா? அப்ப ஆனதும் வாங்க, சார்" என்றான்.

அவன் கேலியாகச் சொல்லவில்லை. அவனுக்கு அதுதான் விதி. நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். இரண்டு பேர் வந்து பிரித்துவிட்டார்கள். இப்போது என்மேல் ஒரு புகார் இருக்கிறது.

டாக்டரும் இங்கேயே மாட்டிக்கொண்டார். சாப்பாட்டுக் கூடத்தில் அவரைக் கண்டாலே போய் நிற்கிறேன். ஒரு கைப்பிடி பாஸ்தாவில் இரண்டு ஸ்பூன், தினமும், எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டேன். அவர் தட்டைப் பார்த்தபடி, கணக்குப் போட வேண்டாம் என்றார். கணக்குப் போட வேண்டாம் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். அதனால்தான் பயம் இன்னும் அதிகமாகிவிட்டது.

தக்காளியிலும் பொட்டாசியம் உண்டாம். அதையும் நான்தான் எழுதினேன்.

மருமகன்

*

நவம்பர் 13

மாமா,

பனி இன்னும் விலகவில்லை. போன கடிதத்தோடு இதையும் சேர்த்துத்தான் பையில் போட வேண்டும்.

வேறு வேலை ஓடவில்லை. உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன், அசதி எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று பார்ப்பதற்காக. படிக்கப் படிக்க வேறொன்று உறுத்தியது.

நாலாவது மாடியில் வதக்கிய பூண்டின் மணம் தெருவில் இருக்கிற மருந்துக்கடை வரைக்கும் எப்படி வந்தது?

சாறு கெட்டியாகி ஒட்டியது, பூண்டு நிறம் மாறும்போதே தக்காளி. எல்லாம் நான் எழுதிய வார்த்தைகள். சமைத்தவர் ஒருவர் அப்படி எழுத மாட்டார். கையைச் சுட்டுக்கொண்டேன், அடி பிடித்தது என்று எழுதுவார். பூட்டைத் திறந்த கதையை இரண்டு பக்கம் எழுதுகிற நீங்கள், முதல்முதலாகச் சமைத்ததை என் வாக்கியத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்.

கடைசியில் அந்தக் கோட்டு. போன குளிருக்கு நான் வாங்கித் தந்த கம்பளிக் கோட்டு உங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. உங்கள் அளவு. கை சரியாக இருக்கும். அதை எடுத்துவர ஒரு தடவைகூட மேலே போகாத மனிதர் தினமும் மேலே போய்ப் பாஸ்தா கிளறுகிறாரா?

நீங்கள் சமைக்கவே இல்லை. டப்பாவைத் திறக்கவே இல்லை.

படுக்கையில் உட்கார்ந்து சிரித்தேன், மாமா. பக்கத்துக் கட்டில்காரன் எழுந்து பார்த்தான். பொய்யர் ஒருவர் மாமாவாகக் கிடைத்ததற்கு நன்றி சொன்னேன்.

அது கொஞ்ச நேரம்தான். பிறகு கடிதங்களை மறுபடி கையில் எடுத்தேன். திருட்டு பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். கோட்டு எடுக்கக்கூட ஏன் போகவில்லை? நாற்காலியில் ஏன் தூங்குகிறீர்கள்? படுத்தால் என்ன ஆகிறது? பாஸ்தா இல்லையென்றால் இத்தனை நாளாக என்ன சாப்பிடுகிறீர்கள்?

மூன்று விஷயம் கேட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. அடிக்காத அலாரம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மருமகன்

*

நவம்பர் 24

அருமை மருமகனுக்கு,

இது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து. கையெழுத்து கோணல், பொறுத்துக்கொள். உயிரோடு இருக்கிறேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வரிக்குள் யார் சட்டையையாவது பிடித்துவிடுவாய். உன் கடைசி இரண்டு கடிதமும் முந்தாநாள் ஒன்றாக வந்தன.

நீ கண்டுபிடித்தது சரி. டப்பா இரண்டும் கல்லாவுக்குக் கீழே, ஒட்டின காகிதம்கூடப் பிரிக்காமல் இருந்தன. அந்த எச்சரிக்கைக் கடிதம் வந்த அன்று படித்துவிட்டுச் சிரித்தேன். நீ வைத்த குண்டுக்கு நான் திரியே கொளுத்தவில்லையே. இந்த வேடிக்கையைப் பாரம்மா என்று மருந்துக்கடை அம்மாவிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"இந்த உப்ப சாப்பிடல, சரி. இத்தன நாளா எதச் சாப்பிட்டீங்க?"

குப்பைக்கூடையில் பாக்கெட் சூப் உறை கிடந்தது. கடையில் தண்ணீர் கொதிக்கவைக்கிற கெட்டில் மட்டும்தானே இருக்கிறது. அவள் கூடையைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். "செருப்பக் கழட்டுங்க" என்றாள். அது ஷூ. கழட்ட வரவில்லை. கொஞ்ச நாளாகவே வரவில்லை, அப்படியே தூங்கிக்கொண்டிருந்தேன். அவள் கத்திரி கொண்டுவந்து வெட்டி எடுத்தாள். உள்ளே இருந்த காலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கடைக்கு ஷட்டரை இழுத்துவிட்டு வண்டி பிடித்தாள்.

ஏன் பொய் எழுதினேன் என்று கேட்பாய். பார்சல் வந்த அன்று அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். இரண்டாவது மாடியில் மூச்சு நின்றுவிட்டது. படியில் உட்கார்ந்தேன். யாராவது வந்தால் என்ன நினைப்பார்கள் என்று, சாவியைத் தேடுகிற மாதிரி சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடிக்காரர் தாண்டிப் போனார். "சாவிக்காரரே சாவியத் தொலச்சிட்டாரா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டபோது, இங்கேயே செத்துப்போவேன் என்று நினைத்தேன். பிறகு உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினேன். அதற்குப் பிறகு மேலே போகவில்லை.

இதை எழுதலாம் என்றுதான் காகிதம் எடுத்தேன். நீ பரீட்சைத் தாள் மாதிரி ஒவ்வொன்றாக எழுதி அனுப்பியிருந்தாய். ஃபெயில் என்று எழுதக் கை வரவில்லை.

உன் மாமன்

*

டிசம்பர் 5

மாமா,

நலமா என்று இனி இருவரும் எழுத வேண்டாம். அந்தச் சொல்லுக்கு நம் குடும்பத்தில் அர்த்தம் இல்லாமல் போய்விட்டது.

லீவு கேட்டேன். சட்டையைப் பிடித்த புகார் முடியும்வரை கிடையாதாம். மறுபடி கேட்பேன்.

அந்த டப்பாவை நீங்கள் திறந்திருந்தால், என் பேச்சை ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், என்று ஆரம்பிக்கிற வாக்கியத்தை நாலு தடவை எழுதி அடித்துவிட்டேன். முடிக்க முடியவில்லை. தூக்கத்தில் வருகிறது, லேபிள்.

பரீட்சைத் தாள் மாதிரி எழுதினேன் என்கிறீர்கள். எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது. பயம் வந்தால் எனக்குக் கேள்வியும் அளவும்தான் வரும். இதையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

செய்முறையைத் திருத்துகிறேன். உப்பு என்று எழுதிய எதுவும் வேண்டாம், என் உப்பும் வேண்டாம். தக்காளி பாதி, அதுவும் அங்கிருக்கிற டாக்டரைக் கேட்டு. மீதி அதேதான். ருசி மட்டமாக இருந்தால் மட்டம் என்று எழுதுங்கள். பாராட்டி எழுதினால் நம்ப மாட்டேன்.

மருமகன்

*

டிசம்பர் 20

மருமகனுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டுவிட்டார்கள். கெட்டதை முதலில் எழுதுகிறேன். பம்ப் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறதாம். தேறுமா என்று கேட்டதற்கு டாக்டர், "பாக்கலாம்" என்றார். அந்தச் சொல்லை நானே எத்தனை துருப்பிடித்த பூட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மருந்துக்கடை அம்மா கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கிற அறையைக் காலி செய்து எனக்கு ஒரு கட்டில் போட்டிருக்கிறாள். தரையோடு தரை, படி இல்லை. மின்சார அடுப்பு ஒன்று வாங்கினேன். நேற்று சமைத்தேன், நிஜமாகவே. தண்ணீர் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. பூண்டு கருகிவிட்டது. உன் கால் டம்ளர் தண்ணீரை மறந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன், ஒட்டவில்லை. எலுமிச்சையைப் பிழிந்தபோது விரலில் அரம் கீறின இடத்தில் எரிந்தது.

ருசி மட்டம். நனைந்த அட்டையை மென்ற மாதிரி இருந்தது. மருந்துக்கடை அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மருந்துன்னு நெனச்சு முழுங்குங்க, அண்ணே" என்றாள். முழுங்கினேன், தட்டு காலி.

இதுவரை எழுதினதைப் படித்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. உனக்குப் பயம் வந்தால் அளவு வரும் என்றாய். எனக்கு வேடிக்கை வரும். உன் அம்மா படுத்துக் கிடந்தபோதும் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன், நீ என்னை முறைத்தாய்.

ராத்திரி மூன்று தலையணை வைத்துச் சாய்கிறேன். விளக்கை அணைத்ததும் நெஞ்சு அடிக்கிறதா என்று கையை வைத்துப் பார்க்கிறேன். அடிக்கும். கையை எடுத்தால் நின்றுவிடுமோ என்று எடுக்காமலே கிடக்கிறேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

வராதே, வேலையைப் பார் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

பயமா இருக்குடா. எப்படியாவது வா.

மாமன்